காய்ந்த கோடுகள்

அன்றைக்குக் காலையில் அந்த வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். அங்கே நின்ற லாரிக்குச் சொந்தக்காரரான அர்த்தனாரி, வயது அறுபத்தெட்டு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், பேச்சு குறைவு, எதையும் எண்ணாமல் விடமாட்டார். அவர் மனைவி பாவாயி, முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள். பாவாயியின் தம்பி காளியண்ணன், எந்த வேலையிலும் கை வைக்காமல் எல்லா வேலைக்கும் பக்கத்தில் நிற்கிறவன். நான்காவது ஆள் மாதையன். பத்தொன்பது வருடம் இந்த வண்டியை ஓட்டியவன், ஐந்து மாதத்துக்கு முன் டீசல் திருடுகிறான் என்று அர்த்தனாரியால் வெளியே அனுப்பப்பட்டவன். அந்தப் பெயர் ஒட்டிய நாளிலிருந்து சங்ககிரியில் எந்த லாரிக்காரரும் அவன் கையில் சாவி கொடுக்கவில்லை. தண்ணீர் வண்டியில் நாள் கூலிக்குப் போகிறான், அதுவும் கிடைக்கிற நாளில். அவனைக் கூப்பிட்டது அர்த்தனாரி இல்லை, பாவாயி. மூன்று வாரமாக வண்டி சரியில்லை. கிளப்பினால் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு இருமல் வந்தவன் மாதிரி குலுங்கும், கறுப்பும் வெளுப்புமாகப் புகை தள்ளும், நின்றுவிடும். அரைமணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஐந்து நிமிடம் ஓடும். முதலில் வந்த மெக்கானிக் ஃபில்டரை மாற்றினான், இரண்டாவது ஆள் பம்பில் அடைந்த காற்றை எடுத்தான், மூன்றாவது ஆள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாஸிலையும் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்துக் கொண்டுவந்து மாட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மேல் பொறுக்காமல் பாவாயி புருஷனைக் கேட்காமலே போன் போட்டுவிட்டாள். அவனும் வந்துவிட்டான். வந்தவன் அர்த்தனாரியைப் பார்க்காமல், "வண்டிக்காக வந்தேனுங்க்கா" என்று பாவாயியிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டினான். முன்பெல்லாம் "அண்ணா" என்பான். இன்றைக்கு ஸ்பேனரைக் கேட்கும்போது "மொதலாளி, பதினேழு நம்பர் எடுங்க" என்றான். அந்த மொதலாளி அர்த்தனாரியின் காதில் போய்ச் சுருக்கென்று நின்றது. இருந்தும் எடுத்துக் கொடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு, நாஸில்களுக்குப் போகிற ஆறு குழாய் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தித் தளர்த்தி இறுக்கினான் மாதையன். செத்த சிலிண்டர் என்றால் அதன் நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறாது. ஆறிலும் மாறியது. "ஆறும் ஒண்ணாட்டத்தான் அழுவுது. நோவு தலையில இல்லீங்க்கா, வயித்துல" என்றான். டேங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு கேனில் டீசல் ஊற்றி அதற்குள் விட்டான். வண்டி நல்லபிள்ளையாக ஓடியது. அர்த்தனாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்திரண்டு நிமிடம். ஒரு குலுக்கல் இல்லை. "அப்ப டேங்குதான்" என்று காளியண்ணன் தானே கண்டுபிடித்தது மாதிரிச் சொன்னான். டேங்கை வடித்து, மேல் மூடிக்குப் பக்கத்தில் இருக்கிற உறிஞ்சு குழாயை நான்கு திருகாணி கழற்றி மாதையன் மெல்ல மேலே இழுத்தான். குழாயின் வாயில் எதுவோ ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அதைப் பிய்த்தான். பார்த்தான். பிறகு நான்கு பேரில் வேறு யாரிடமும் கொடுக்காமல் நேராக அர்த்தனாரியின் உள்ளங்கையில் வைத்தான்.

உள்ளங்கையில் இருந்தது ஒரு ரப்பர் குப்பி. கைத்தடியின் அடியில் மாட்டுவார்களே, அது. டீசலில் ஊறி உப்பி, கறுத்து, நாவற்பழம் மாதிரி பொதபொதவென்று இருந்தது. அதற்குள் செருகியபடி மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒரு மூங்கில் துண்டு, சாய்வாக முறிந்தது. மூங்கிலின் ஒரு பக்கம் கத்தியால் போட்ட கோடு ஒன்று. அதற்கு மேலே, முறிந்த விளிம்பை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டு. அர்த்தனாரிக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு என்பது மட்டும் தோன்றியது. இரண்டு கோடு, இரண்டு கோடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார், பஸ் நம்பரை மறக்காமலிருக்கச் சொல்லிக்கொள்வது போல. அப்புறம் லாரியின் சக்கரத்தில் கை வைத்தார். டயர் வெயிலில் சூடாக இருந்தது, அந்தச் சூடு எங்கோ தூரத்தில் யார் கையிலோ படுவது போலிருந்தது. "என்னாங்க அது?" என்று பாவாயி உளுந்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "என்னமோ கட்டையாட்டம் இருக்குதுக்கா" என்றான் காளியண்ணன். "எவனோ வெவகாரம் புடிச்சவன் உள்ள போட்டிருக்கறான். டீசல் திருடறவனுக்கு டேங்குல கட்ட போடத் தெரியாதா?" சொல்லிவிட்டு மாதையன் பக்கம் பார்த்தான். "டேய் காளி, வாய வெச்சுக்கிட்டுக் கம்முனு கெட" என்றாள் பாவாயி. மாதையன் உறிஞ்சு குழாயின் வாயைத் துணியால் துடைத்தான், ஊதினான், மறுபடி துடைத்தான். துடைக்கும்போது அவன் கண் அர்த்தனாரியின் கையிலேயே இருந்தது. எவனோ போட்டிருக்கிறான். ஆமாம், எவனோ. எவன் என்று அர்த்தனாரிக்குத் தெரியும். அந்த மூங்கிலைப் பிளந்து சீவி வழித்து, அரை நாள் உட்கார்ந்து நூல் பிடித்துக் கோடு போட்டவனைத் தெரியும். பத்து லிட்டருக்கு ஒரு கோடு. நூற்றறுபது லிட்டர் டேங்க், பதினாறு கோடு. பெட்டி மாதிரி டேங்க், அதனால் கோட்டுக்குக் கோடு இடைவெளி ஒன்றே. அடி தேயக்கூடாது என்று ரப்பர் குப்பி மாட்டி, குப்பியின் அடியிலிருந்தே அளவை ஆரம்பித்து, முதல் கோடு, இரண்டாவது கோடு, பதினாறாவது கோடு. பதினைந்து வருடம் அந்த அளவுக்குச்சியை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. அது வீட்டுக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, இதோ இந்த நிமிடமும் தொங்கிக்கொண்டிருக்கிறது, பதினாறு கோடுள்ள குச்சி. பதினாறா?

உள்ளே போய் எண்ணிப் பார்க்கலாம். பத்தடி தூரம்தான். கால் நகரவில்லை. எண்ணாமலே தெரிந்தது, ஆனாலும் எண்ணாமல் ஒன்றை நம்புவது அவருக்கு வழக்கமில்லை, எண்ணிவிட்டால் நம்பவேண்டிவரும் என்பதனால் கால் நகரவில்லை. தை மாசம். தை மாசம் பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம். அப்போது இரண்டு கண்ணிலும் புரை, எல்லாம் நீராகாரத்துக்குள் பார்ப்பது மாதிரித் தெரிகிற காலம். ஆபரேஷன் அப்புறம் சித்திரையில்தான். குச்சியை டேங்கில் விட்டு எடுத்தபோது நுனி கையில் குத்தியது. தடவிப் பார்த்தார். குப்பி இல்லை. குப்பிதான் கழன்று விழுந்துவிட்டது, நுனி சிம்பு சிம்பாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார். அரை விரல் இருக்குமா, ஒரு விரல் இருக்குமா? சிம்போடு விடுவது அவருக்குப் பிடிக்காது. கத்தியை எடுத்து, இதே வாசல்படியில் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிச் சீவி நுனியை வழவழப்பாக்கினார். சீவல்கள் வேட்டியில் விழுந்தன, உதறினார். எவ்வளவு திருப்தியாக இருந்தது அன்றைக்கு! குப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இப்போது சுத்தமாக இருக்கிறது. சுத்தமாக. மூங்கில் இரண்டு கோட்டோடு முறிந்து டேங்குக்குள் கிடக்க, வெளியே இவர் மிச்சத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அப்புறமாவது தெரிந்திருக்க வேண்டாமா? வேறு எவனாவது இருந்தால் தெரிந்திருக்கும். வேறு எவனும் குச்சியை அடியிலிருந்து எண்ணுவான். நனைந்த கோடு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆக நாற்பது லிட்டர் என்பான். அப்படி எண்ணியிருந்தால் முறிந்த குச்சிகூடச் சரியாகவே சொல்லியிருக்கும். நுனியில் எது இருந்தாலும் அதுதான் முதல் கோடு. ஆனால் டீசல் பிசுக்கு விரலில் பட்டால் அர்த்தனாரிக்குச் சோறு இறங்காது. அதனால் அவருக்கென்று ஒரு வழி: காய்ந்த கோடுகளை மட்டும் மேலிருந்து கட்டை விரல் நகத்தால் நெருடி எண்ணுவார், பதினாறில் கழிப்பார். காய்ந்தது பன்னிரண்டு, பதினாறில் போனால் நாலு, நாற்பது லிட்டர். கண் தெரியாத காலத்திலும் இந்த வழி கைகொடுத்தது என்று எவ்வளவு பெருமை. கண் தெளிந்த பிறகும் நகம்தான் எண்ணியது, கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. குச்சியில் பதினான்குதான் இருந்தது. நாற்பது லிட்டர் இருக்கிற நாளில் காய்ந்தது பத்து. பதினாறில் பத்து போனால் ஆறு. அறுபது லிட்டர். நாற்பதுதான் இருக்கிறது, அறுபது என்றார். பதினாறில் கழி. பதினாறில் கழி. பதினாறு எங்கே இருந்தது கழிப்பதற்கு? கழித்தலில் தான் பிசகியதே இல்லை என்று இந்த வயதுவரை நம்பியிருந்தார். இப்போதும் பிசகவில்லை. ஆறுமுறை போட்டுப் பார்த்தாலும் கழித்தல் சரியாகவே வருகிறது.

அறுபது இருக்கிறது, நூறு அடித்தால் டேங்க் நிரம்பவேண்டும். மாதையன் பங்க்கிலிருந்து கொண்டுவந்த பில்லில் நூற்றிருபது. முதல் தடவை அர்த்தனாரி பில்லை மடித்து வைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை எண்பது அடிக்கவேண்டிய இடத்தில் நூறு. மூன்றாம் தடவையும் இருபது கூட. நான்காம் தடவையும். ஐந்தாம் தடவை மாசி மாசக் கடைசியில், மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கிவிட்டு வந்த அன்றைக்கு, இதே இடத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மாதையா, தடவைக்கு இருபது லிட்டர் வித்தியாசம் வருது." மாதையன் சிரித்தான். நிஜமாகவே வேடிக்கையாகத்தான் சிரித்தான். "பங்க்குல வந்து நீங்களே நின்னு பாருங்கண்ணா" என்றான். "நான் எதுக்கு நிக்கோணும், குச்சி சொல்லுது" என்றார் இவர். அப்போதுதான் அவன் முகம் மாறியது. "அண்ணா, நான் திருடறவனா இருந்தா ஒரு நாளைக்குப் பதினஞ்சு எடுப்பேன், ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு எடுப்பேன். எந்தத் திருடன் அளந்து அளந்து இருவதே எடுப்பான்?" அது எதிர்த்துப் பேச்சு என்று இவருக்குப் பட்டது. பத்தொன்பது வருடத்தில் எதிர்த்துப் பேசாதவன் பேசுகிறான் என்றால் உள்ளே குற்றம் இருக்கிறது என்று பட்டது. அளந்து அளந்து இருபதே. அந்த இருபது அவன் சொன்னபோதே அவிழ்ந்து கையில் விழுந்திருக்க வேண்டிய முடிச்சு. எண்ணுகிற மனுஷன், எண்ணிக்கை மாறாமல் வருகிறதே என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால். நிற்கவில்லையே. சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஓமலூர்க்காரன் ஒருவன் வந்தான், அவனுக்கும் இருபது. அவனும் திருடன். அவனுக்குப் பிறகு இவரே பங்க்குக்குப் போய் நின்றார், இவர் கண்ணெதிரே அடித்ததிலும் இருபது. சரி, பங்க்குக்காரன் திருடன். வேறு பங்க்குக்கு மாறினார், அங்கேயும் இருபது, அவனும் திருடன். டிரைவர் திருடன், அடுத்த டிரைவர் திருடன், இந்தப் பங்க்கு, அந்தப் பங்க்கு, ஊர் முழுக்க ஒரே அளவில் திருடுகிறது, யோக்கியமாக நடந்துகொண்டது ஆணியில் தொங்கிய குச்சி ஒன்றுதான். இன்னொரு மாசம் போயிருந்தால் பாவாயியைச் சந்தேகப்பட்டிருப்பேனா? பட்டிருப்பேன். இந்த எண்ணம் வந்ததும் அர்த்தனாரிக்குக் காதில் குய்யென்று ஒரு சத்தம் எழுந்தது. தலையை ஆட்டிப் பார்த்தார், போகவில்லை. அந்தத் துண்டு முதலில் மிதந்திருக்கும். டேங்க் நிரம்பினால் மேலே போகும், குறைந்தால் கீழே வரும், நான் குச்சியை விட்டு எடுக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே மிதந்துகொண்டு கிடந்திருக்கும். ஊறி ஊறிக் கனத்து, ஏழு மாசத்தில் அடியில் இறங்கி, குழாய் உறிஞ்சும்போது போய் வாயை அடைத்து, இன்ஜின் நின்றதும் விட்டு விலகி. மூன்று மெக்கானிக்கையும் ஏமாற்றி. மாதையன் வருகிறவரை காத்திருந்து.

"மொதலாளி, அந்தக் கேனை எடுங்க, திரும்ப ஊத்தலாம்." மாதையன்தான். அர்த்தனாரி இடது கையால் கேனைப் பிடித்தார், வலது கை மூடியே இருந்தது. பிறகு ஒரு காரியம் செய்தார், செய்யும்போதே தான் செய்வதைத் தானே பார்த்தார்: வேட்டி மடிப்பில் அந்தத் துண்டைச் செருகிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. காளியண்ணன் புனலைத் தேடுகிறேன் என்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான், பாவாயி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், மாதையன் துணியை இரண்டாக மடித்துப் புனல் வாயில் கட்டிக்கொண்டிருந்தான். மடியில் டீசல் ஊறித் தொடையில் எரிந்தது. இதை இப்படியே கொண்டுபோய்ப் பின்பக்கம் அடுப்பில் போட்டால் தீர்ந்தது. மூங்கில், டீசலில் ஊறியது, திகுதிகுவென்று எரியும். குச்சியையும் சேர்த்துப் போடலாம். யாருக்குத் தெரியும்? வண்டி சரியாகிவிட்டது. மாதையனை மறுபடி வேலைக்கு வா என்று சொல்லலாம், பழசையெல்லாம் விடு என்று பெரிய மனதோடு சொல்லலாம். பெரிய மனதோடு! அவன் வருவான், திருடன் என்ற பெயரோடு வருவான், திருடனை மன்னித்துச் சேர்த்துக்கொண்டார் அர்த்தனாரி என்று இவருக்கு ஒரு பெயரும் கிடைக்கும். யார் யாரிடம் சொன்னேன்? பேச்சு குறைவு என்பதால் இதை எண்ணிவிட முடியும். மாதையனிடம், ஒன்று. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது பாவாயியிடம், இரண்டு. காளியண்ணனிடம், மூன்று. லாரி புக்கிங் ஆபீஸ் தாண்டவன், ஏன் டிரைவரை மாத்திட்டீங்க என்று கேட்டபோது, நான்கு. ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் எடைமேடை பார்க்கிற சடையப்பன், ஐந்து. மகள் வீட்டுச் சம்பந்தி, காதுகுத்துக்குப் போயிருந்தபோது, ஆறு. ஏழாவது மாதையன் வீட்டுக்காரி ரஞ்சிதம். அவள் பங்குனியில் ஒரு மத்தியானம் வந்தாள், வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றாள், உள்ளே வா என்று இவரும் சொல்லவில்லை, அவளும் வரவில்லை. "அவர் என்ன தப்புப் பண்ணுனாருன்னு எங்கிட்டயாவது சொல்லுங்கண்ணா, வீட்டுல வாயத் தொறக்கமாட்டேங்கறாரு" என்றாள். பெண்பிள்ளைகளிடம் நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லாதவர், கேட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் வீட்டுக்காரன் டீசல் திருடறான்ம்மா." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். வேர்வையைத் துடைத்தாள் என்று நினைத்துக்கொண்டார். ஏழு பேர். ஏழு பேரும் எத்தனை பேரிடம் சொன்னார்களோ, அதை எண்ண எந்தக் குச்சியும் இல்லை. தாண்டவன் ஆபீசுக்கு ஒரு நாளைக்கு நாற்பது வண்டிக்காரர் வந்துபோகிறார்கள். நாற்பது, நாளைக்கு நாற்பது, ஐந்து மாதம், வேண்டாம், பெருக்காதே.

டீசலை ஊற்றி முடித்தார்கள். மாதையன் குழாயை மாட்டித் திருகாணி நான்கையும் முடுக்கினான், கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினான். "க்கா, சாமியக் கும்புட்டுக்குங்க" என்று சொல்லி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. பாவாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஐந்து நிமிடத்தில் நிற்குமா? அர்த்தனாரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, முதல் தடவையாக. எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியாமல் நின்றார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, ஆறு சிலிண்டரும் ஒரே குரலில், பத்தொன்பது வருடம் அவன் ஓட்டிய வண்டி அவன் காலுக்கடியில். "நானும் அதைத்தான் மாமா சொன்னேன், டேங்குல எவனோ வேல பண்ணியிருக்கறான்னு" என்று காளியண்ணன் சத்தத்துக்கு மேல் கத்தினான். "கட்டயப் போட்டவனே வந்து கட்டய எடுக்கறான். என்னா வித்தை பாருங்க!" மாதையன் மேலிருந்து அவனைப் பார்த்தான். பிறகு அர்த்தனாரியைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல், கண்ணைச் சிமிட்டாமல். அப்போதுதான் அர்த்தனாரிக்குத் தெரிந்தது. அந்த ரப்பர் குப்பி. ஈரோட்டில் மருந்துக் கடையில் வாங்கியது. வாங்கி வந்தது யார்? லோடு இறக்கப் போனபோது, அண்ணன் குச்சிக்கு ஆகும் என்று சட்டைப்பையில் போட்டு வாங்கி வந்தது யார்? அவனுக்குத் தெரியும். பிய்த்த அந்த நொடியே தெரியும். தெரிந்துதான் வேறு எவர் கையிலும் கொடுக்காமல் இந்தக் கையில் வைத்தான். வைத்துவிட்டு இந்நேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், மடியில் செருகியதையும்தான் பார்த்திருப்பான், துணி மடித்துக்கொண்டிருந்தவன் கண் துணியிலா இருந்தது. அர்த்தனாரி மடியிலிருந்து துண்டை எடுத்தார். "கட்ட போட்டது நான்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "காளி, இது என்னோட அளவுக்குச்சி. முறிஞ்சு உள்ள கெடந்திருக்குது. ரெண்டு கோடு. இருவது லிட்டர். மாதையன் ஒரு சொட்டுக்கூட எடுக்கல, நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றார். காளியண்ணன் துண்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "அட போங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு, இப்ப எதுக்கு இதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு" என்றான். பாவாயி கிட்டே வந்து, டீசல் ஊறிய அந்த வேட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் எப்ப நம்புனேன்? அஞ்சு மாசமா உங்ககூடப் பேசறதையே கொறச்சுக்கிட்டேனே, அதையாவது எண்ணுனீங்களா?" எண்ணவில்லை. அது இவர் எண்ணாமல் விட்ட ஒன்று. அர்த்தனாரி லாரியின் படிக்கட்டில் கை வைத்து மேலே நிமிர்ந்து பார்த்தார். "மாதையா" என்றார். மாதையன் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே குனிந்து சொன்னான்: "எங்கிட்டச் சொல்லி என்னாகப் போவுது? நான் எடுக்கலைங்கறது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

அந்தச் சமயத்தில் போன் அடித்தது. பாவாயியின் போன், காதைத் துளைக்கிற பாட்டோடு, படியில் முறத்துக்குப் பக்கத்தில். போன் பேசுவது எப்போதும் அவள்தான். அர்த்தனாரிக்கு முகம் தெரியாமல் பேச வராது, முகம் தெரிந்தாலே வராது. பாவாயி எடுத்துப் பார்த்து, "புக்கிங் ஆபீஸ்காரரு. நாளைக்கு வண்டி உண்டான்னு கேப்பாரு" என்றாள். அவள் காதுக்குக் கொண்டுபோவதற்குள் அர்த்தனாரி கையை நீட்டினார். நீட்டிய கையில் இன்னும் அந்தத் துண்டு இருந்தது, துண்டை வாயால் கவ்விக்கொண்டு போனை வாங்கினார், டீசல் நாக்கில் பட்டது, துப்பிவிட்டுத் துண்டைப் படிக்கட்டில் வைத்தார். "தாண்டவா, நான் அர்த்தனாரி." "யாருங்க?" "அர்த்தனாரி." "அட, நீங்களே பேசறீங்களா! வண்டி சரியாயிருச்சா? சத்தம் கேக்குது." "ஆயிருச்சு. மாதையன் சரி பண்ணிட்டான்." "யாரு?" "மாதையன். அவன் டீசல் திருடல." "ஒண்ணும் கேக்கலீங்க, வண்டிச் சத்தம். அமத்தச் சொல்லுங்க." அர்த்தனாரி மேலே பார்த்தார். சாவி மாதையன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அவன் அமத்தவில்லை. நேராகக் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கால் அசைந்ததோ இல்லையோ, இன்ஜின் சத்தம் ஒரு பிடி ஏறியது. அர்த்தனாரி வாழ்நாளில் சத்தம் போட்டவர் இல்லை. மகள் கல்யாணத்தில்கூடச் சாப்பிட வாங்க என்று கூவ ஆள் வைத்தவர். குரல் எங்கிருந்து எடுக்கவேண்டும் என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்தார், பாதியில் கிழிந்தது, கிழிந்ததையே வைத்துக்கொண்டு கத்தினார். "மாதையன் திருடல! டீசல் திருடல! என்னோட குச்சி முறிஞ்சு போச்சு! நான்தான் தப்பா எண்ணிட்டேன்! கேக்குதா? நான்தான் தப்பு!" எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நின்று பார்த்தாள். ரோட்டில் போன சைக்கிள் ஒன்று மெதுவானது. பிறகு தாண்டவன், "சரிங்க, கேக்குதுங்க" என்றான், குரல் ரொம்பவும் இறங்கி. "உங்கிட்ட வர்ற வண்டிக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லோணும்! நீயே சொல்லோணும்!" "சொல்றனுங்க." போனை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் பாவாயியிடம் நீட்டினார். தொண்டை எரிந்தது. உடம்பு முழுக்க வேர்த்து, காதில் இருந்த குய் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாதையன், பாவாயி, காளி, தாண்டவன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மாதையன் இன்ஜினை அமத்தினான். இறங்கினான். கண்ணாடியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான், பொத்தான்களை அடியிலிருந்து மேலாக நிதானமாகப் போட்டான். சாவியைக் கொண்டுவந்து படிக்கட்டில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தான், அர்த்தனாரியின் கையில் கொடுக்கவில்லை. "இன்னும் எத்தனை பேருங்க?" என்று கேட்டான். அண்ணா என்றும் சொல்லவில்லை, மொதலாளி என்றும் சொல்லவில்லை. அர்த்தனாரி மடக்கின விரல்களைப் பார்த்தார். எடைமேடை சடையப்பன், சம்பந்தி, ரஞ்சிதம். மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை அடியிலிருந்து எண்ணினார்.

"மூணு பேர்."